உஷார்! டேப்புக்குள் களிம்பு

மாடித் தொட்டி நிரம்பினால் கத்தும் பஸரை நீங்களே செய்து மாட்டியிருக்கிறீர்களா? கிறிஸ்துமஸ் குடிலுக்கு எல்.இ.டி. சரம் கோத்திருக்கிறீர்களா? மழைக்கு முன் அவற்றின் வயர் இணைப்புகளைப் பிரித்துப் பாருங்கள். புதுச்சேரியில் கடலோரம், குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் பக்கம் குடியிருப்பவர்கள் இன்றைக்கே பாருங்கள்.

என் வீட்டு பஸர் ஒருநாள் கத்தவில்லை. தண்ணீர் படியிறங்கி வந்த பிறகுதான் மேலே ஓடினேன். வயரை முறுக்கி நான் சுற்றியிருந்த டேப் வெயிலில் பசை இளகி நழுவிக் கிடந்தது. உள்ளே செம்புக் கம்பி பச்சைக் களிம்பேறி, தொட்டதும் உதிர்ந்தது. சுற்றி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

நம் ஊர்க் காற்றில் உப்பு இருக்கிறது. வயரில் படியும் உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பல இழை வயரோ விளக்குத் திரி மாதிரி அந்த ஈரத்தை உறைக்குள்ளேயே ஏற்றிவிடும். அதனால் நுனியை மட்டும் சுரண்டிப் பயனில்லை. செம்பு பளபளக்கும் இடம்வரை வெட்டித் தள்ளுங்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழைக்கு டேப் எந்த மூலைக்கு?

பஸர் ஊமையானால் போகட்டும். சூடுதான் பயம். லூஸ் காண்டாக்டில் அரை ஓம் தடை சேர்ந்து, அதன் வழியே 2 ஆம்பியர் ஓடினால், கடுகளவு இடத்தில் 2 வாட் வெப்பம். கரன்ட் கூடாததால் ஃபியூஸ் போகாது, எம்.சி.பி.யும் விழாது. பிளாஸ்டிக் இளகும் நாற்றம்தான் முதல் தகவல். பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிய 18650 லித்தியம் செல் என்றால் இன்னும் மோசம்: இரண்டு வயர் உரசினாலே தீப்பிடிக்கலாம். அந்த செல்லின் மேல் நேரடியாகச் சால்டர் வைக்கவும் கூடாது, ஹோல்டர் வாங்குங்கள்.

சரி, எப்படிச் சேர்ப்பது? பல்லால் கடித்து உரிக்காதீர்கள். பாதி இழை அங்கேயே அறுந்துவிடும். சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாயை முதலில் வயரில் கோத்துவிடுங்கள் (சால்டர் ஆறிய பிறகு நினைவுக்கு வந்து தலையில் அடித்துக்கொண்டவன் சொல்கிறேன்). உள்ளே பசை பூசிய ரகமாக இருந்தால் நீர் புகாது. 63/37 சால்டர் ஈயம் 183 டிகிரி செல்சியஸில் உருகும். சூடேற வேண்டியது வயர், ஈயம் தானாக அதில் பாய வேண்டும். உருண்டையாக உட்கார்ந்தால் அது டிரை சால்டர். தகரம் பற்றவைக்கும் ஆசிட் வேண்டவே வேண்டாம், ரோசின் போதும். திருகி இறுக்கும் டெர்மினலில் மட்டும் ஈயம் பூசிய நுனியைச் செருகாதீர்கள்; ஈயம் மெல்ல நசுங்கி, திருகு தளர்ந்துவிடும். அங்கே ஃபெரூல் (வயர் நுனியில் மாட்டும் சின்ன உலோகக் குழல்) போட்டு நசுக்குங்கள். கடைசியில் ஒரு இழு இழுத்துப் பாருங்கள்.

230 வோல்ட் பக்கத்தை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். மற்றதற்கு, ஐப்பசி பிறக்குமுன் மாடியேறுங்கள், மெயினை அணைத்துவிட்டு.