அம்மாவிடம் தரம் பிரிக்கக் கற்றுக்கொண்ட கம்ப்யூட்டர்!

காய் பறிப்பது ஒரு வேலை என்றால், பறித்ததைத் தரம் பிரிப்பது அதைவிடப் பெரிய வேலை. வெண்டையோ, கத்திரியோ, தக்காளியோ... குவியலுக்கு முன்னால் மணிக்கணக்கில் உட்காருவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான். ஜப்பானில் ஒரு வெள்ளரித் தோட்டத்திலும் இதே கதைதான். அங்கே அம்மா உட்கார்ந்து காய் பிரிப்பதை மகன் கவனித்துக்கொண்டே இருந்தார்.

மகன் பெயர் மகோட்டோ கொய்கே. ஊர், ஷிசுவோகா மாகாணத்தில் உள்ள கோசாய். கார் தொழிலில், இயந்திரத்துக்குள்ளேயே பொருத்தப்படும் சின்னக் கம்ப்யூட்டர்களை வடிவமைக்கும் இன்ஜினீயராக இருந்தவர். 2015 வாக்கில் அந்த வேலையை விட்டுவிட்டு, பெற்றோரின் வெள்ளரித் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார்.

வந்தவரை மலைக்க வைத்தது, தரம் பிரிக்கும் வேலை. வெள்ளரியைத் தரம் பிரிக்க நாடு முழுவதற்கும் பொதுவான அளவுகோல் அங்கே இல்லை. ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு கணக்கு. கொய்கே வீட்டுக் கணக்கில் ஒன்பது தரம். நேராக இருக்க வேண்டும், நிறம் பளிச்சென்று இருக்க வேண்டும், தோலில் உள்ள சின்னச் சின்ன முட்கள் உதிராமல் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் முதல் தரம். அறுவடை உச்சத்தில் இருக்கும்போது அம்மா ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்கூட இதில் உட்காருவார். கூலிக்கு ஆள் வைக்கலாமே என்றால், இந்த ஒன்பது தரத்தையும் கண்ணால் பிடிக்கப் பழகவே மாதக்கணக்கில் ஆகும். கடையில் விற்கும் தரம் பிரிக்கும் மெஷினோ சிறு விவசாயிக்குக் கட்டுப்படியாகாது.

2016 மார்ச் மாதம். தென்கொரியாவின் சோல் நகரில், ‘கோ’ என்ற பலகை விளையாட்டில் உலகின் முன்னணி வீரர் லீ செடோலை, கூகுளின் ‘ஆல்பாகோ’ கம்ப்யூட்டர் 4-1 என்று தோற்கடித்தது. பார்த்தவர்கள் ஆட்டத்தைப் பற்றிப் பேசினார்கள். கொய்கேவுக்கு ஞாபகம் வந்தது வெள்ளரி! இந்த அளவுக்குக் கற்றுக்கொள்ளும் கம்ப்யூட்டருக்கு நம் காயைப் பார்க்கக் கற்றுத்தர முடியாதா?

‘டென்சர்ஃப்ளோ’ என்ற மென்பொருளை கூகுள் 2015 நவம்பரில் இலவசமாக வெளியிட்டிருந்தது. கையால் எழுதிய எண்களைப் படிக்க அதில் ஒரு பயிற்சி நிரல் உண்டு. அதைத்தான் எடுத்து, லேசாக மாற்றிக்கொண்டார். 1-க்கும் 7-க்கும் வித்தியாசம் பார்க்கத் தெரிந்த நிரல், நேர் வெள்ளரிக்கும் வளைந்த வெள்ளரிக்கும் வித்தியாசம் பார்க்கப் பழகியது. ‘ராஸ்பெர்ரி பை 3’ என்ற, உள்ளங்கையில் அடங்கும் கம்ப்யூட்டர், அறிமுகமானபோது 35 டாலர். அது கேமராவில் படம் பிடித்து, முன்னால் இருப்பது வெள்ளரிதானா என்று முதலில் பார்க்கும். பிறகு இன்னொரு கம்ப்யூட்டர் தரத்தை முடிவு செய்யும். கன்வேயர் பெல்ட்டில் போகும் காயை அந்தந்தப் பெட்டிக்குத் தள்ளிவிட ஒரு மோட்டார் கை. எல்லாம் வீட்டிலேயே பூட்டியது.

இதிலெல்லாம் கம்ப்யூட்டர் வேலை பாதிதான். மீதிப் பாதி அம்மாவுடையது. மெஷினுக்கு ‘இது முதல் தரம், இது கழிவு’ என்று சொல்லித்தர வேண்டுமே! அம்மா பிரித்து வைத்த காய்களை மூன்று மாதம் உட்கார்ந்து 7,000 படம் எடுத்தார் கொய்கே.

பரிசோதனைப் படங்களில் 95 சதவிகிதத்துக்கும் மேல் சரியாகச் சொன்னது மெஷின். நிஜக் காயைக் கொடுத்ததும் 70 சதவிகிதம் அளவுக்கு இறங்கிவிட்டது. பத்துக்கு மூன்று தப்பு! படித்த கணக்கே வந்தால் மார்க் வாங்கி, எண்ணை மாற்றிக் கேட்டால் முழிக்கிற பிள்ளையை நாம் பார்த்ததில்லையா? அதே கோளாறுதான். 7,000 படமே போதவில்லை. இன்னொன்று, சாதாரண கம்ப்யூட்டரில் பயிற்சி கொடுக்கவே இரண்டு, மூன்று நாள் ஆனது. அதற்கே படங்களை 80-க்கு 80 புள்ளி அளவுக்குச் சுருக்க வேண்டியிருந்தது. அந்தப் படத்தில் நீளம், வளைவு, வடிவம் தெரியும். நிறமும் கீறலும் முள்ளும் தெரியாது. எதற்கு விலை கிடைக்கிறதோ, அதுவே மெஷின் கண்ணுக்குப் படவில்லை! அம்மாவின் கண் எவ்வளவு வேலை செய்திருக்கிறது என்று கணக்குப் போட்டுக் காட்டியது இந்தத் தோல்விதான் என்பேன்.

இதே கோசாய் பகுதியில் 1867-ம் ஆண்டு பிறந்தவர் சகிச்சி டொயோடா. தச்சர் மகன். வீட்டில் பெண்கள் தறியில் படும் பாட்டைப் பார்த்து, 1891-ல் மேம்பட்ட மரக் கைத்தறிக்குக் காப்புரிமை வாங்கினார். பின்னாளில் டொயோட்டா கார் கம்பெனி அந்தக் குடும்பத்திலிருந்துதான் வந்தது. மண்ணின் ராசி என்று சொல்லத் தோன்றுகிறது.

கொய்கே 70 சதவிகிதத்தோடு விடவில்லை. அடுத்து செய்த மாதிரி ஒன்றில், காயை மேசையில் பரப்பி வைத்தால் போதும். மேலிருந்து கேமரா பார்த்து தரத்தைச் சொல்லும். எடுத்துப் பெட்டியில் அடுக்குவது மனிதக் கை. புதிதாக வேலைக்கு வந்தவரும் உடனே உட்காரலாம்.

உங்கள் வீட்டிலும் கம்ப்யூட்டர் படித்த பிள்ளை இருந்து, ‘நானும் செய்து பார்க்கிறேன்’ என்றால், டென்சர்ஃப்ளோ இன்றும் இலவசம்தான். ஆனால், முதலில் செல்போனோடு தரம் பிரிக்கும் இடத்தில் உட்காரட்டும். காயின் தரத்தை அம்மாவிடமோ பாட்டியிடமோ கேட்டு, படத்தோடு எழுதி வைக்கட்டும். மெஷின் எந்த விளக்கு வெளிச்சத்தில், எந்த உயரத்திலிருந்து பார்க்கப்போகிறதோ, அதே வெளிச்சத்தில், அதே உயரத்திலிருந்து எடுக்க வேண்டும். நல்ல காயை மட்டும் எடுத்தால் பயன் இல்லை. சொத்தை, கோணல், வெம்பல் எல்லாவற்றிலும் ஆயிரக்கணக்கில் படம் வேண்டும்.