கனகராயன் ஆறும் குளத்தொடரும்: ஒரு நீரியல் நோக்கு

வன்னிப் பெருநிலப்பரப்பின் ஊர்ப்பெயர்களை ஒருசேர எழுதிவைத்து நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலனாகும். சேமமடு, இரணைமடு, நொச்சிமோட்டை, புளியங்குளம், நெடுங்கேணி, தண்ணிமுறிப்பு என வரும் இப்பெயர்கள் யாவும் நீரோடு தொடர்புற்று நிற்கின்றன. அவையும் பொதுப்படக் கூறி அமைவன அல்ல. பள்ளத்தில் ஆழ்ந்து நிற்கும் நீர் மடு. ஆழங்குறைந்த சிறு தேக்கம் மோட்டை. கட்டமைத்துத் தேக்கியது குளம். அகழ்ந்து ஆக்கியது கேணி. முறிப்பு என்பது கட்டு உடைந்த இடத்தைச் சுட்டுவதாகக் கொள்வதில் தவறில்லை. நீரியல் என்னும் அறிவுத்துறை மேனாட்டில் உருப்பெறுவதற்கு நெடுங்காலம் முன்னரே நம்மவர் நீர்நிலைகளை இனம்பிரித்து அறிந்திருந்தனர் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

வன்னியில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1,250 முதல் 1,500 மில்லிமீற்றர் வரை மழை பெய்கின்றது. இது சிறிதன்று. ஆயின் அதிற் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையான வடகீழ்ப் பருவத்திலேயே கொட்டித் தீர்ந்துவிடுகின்றது. எஞ்சிய மாதங்களில் வெயிலும் சோளகக் காற்றும் நீரை உறிஞ்சுகின்றன. ஆண்டு முழுவதும் திறந்த நீர்ப்பரப்பினின்றும் ஆவியாகக்கூடிய நீரின் அளவு பெய்யும் மழையினும் மிகுதி. ஆதலின் மழைநீரைத் தேக்கிவைப்பது மட்டும் போதாது. விரிந்து ஆழங்குறைந்த குளத்தின் நீரில் ஒரு பங்கை வெயிலே கொண்டுபோய்விடும். எங்கே, எவ்வளவு ஆழத்தில், எத்தனை முறை தேக்குவது என்பதே இந்நாட்டு நீரியலின் மூலவினாவாகும்.

இவ்வினாவுக்குப் பழையோர் கண்ட விடையை இக்காலத்து அறிவியல் மொழியில் எடுத்துரைத்தவர்களுள் முதன்மையானவர் பேராதனைப் பல்கலைக்கழகப் புவியியற் பேராசிரியராய் விளங்கிய சி. எம். மத்தும பண்டார ஆவர். உலர்வலயத்துச் சிற்றூர்க் குளங்கள் தனித்தனியே அமைந்தன அல்ல என்பதும், ஒரு சிறு பள்ளத்தாக்கில் மேலிருந்து கீழாகச் சங்கிலிபோற் கோக்கப்பட்டன என்பதும் அவர் 1985 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையின் சாரம். சிங்கள மக்கள் 'எல்லங்காவ' என வழங்கும் அத்தொடரை நாம் குளத்தொடர் எனலாம். மேற்குளம் நிரம்பி வான்பாயும் நீரும், அதன் வயல்களிற் பாய்ந்து வடியும் கழிவு நீரும் அடுத்த குளத்தை அடைகின்றன. ஒருமுறை பெய்த மழை இவ்வாறு பன்முறை பயன்படுகின்றது. ஒரு குளத்தின் வடிநீரே மற்றொரு குளத்தின் வருநீர் என்க.

மண்ணியலறிஞர் சி. ஆர். பானபொக்கேயின் ஆய்வுகள் இதற்கு மண்ணின் பக்கமிருந்து விளக்கம் தந்தன. அலையலையாய் அமைந்த இந்நிலத்தின் மேட்டில் நீர்வடியும் செங்கபில மண்ணும், பள்ளத்தில் நீர் தங்கும் மண்ணும் உள்ளன. நெல்வயல் பள்ளத்திலும் சேனை மேட்டிலும் அமைந்தது மண்ணின் இயல்பு நோக்கியே. வவுனியாப் பகுதியில் அடியிற் கிடப்பது கடும்பாறை. அதன்மேல் உக்கிய பாறைப் படை மெல்லியதாய் உள்ளது. கிணற்று நீர் அப்படையிலேயே தங்குவது. குளத்தில் நீர் நின்றால் அயற் கிணறுகளிலும் நீர் நிற்கும்; குளம் வற்றினால் கிணறும் இறங்கும். துருசைத் திறக்காமலே குளம் ஊருக்கு நீர் வழங்குகின்றது என்பதை வீட்டுக் கிணற்றில் அள்ளுவோர் பலர் நினைப்பதில்லை.

இத்தொடரில் ஈரநிலங்களின் பங்கு பெரிது. குளத்தின் அலைகரைக்கு மேலே நிற்கும் மரத்தொகுதியைச் சிங்களவர் 'கஸ்கொம்மன' என்பர். அது காற்றைத் தடுத்து ஆவியாதலைக் குறைக்கும். வெள்ளத்தோடு வரும் மண்ணைத் தணிக்கும். குளக்கட்டுக்கும் வயலுக்கும் இடையே விடப்பட்ட சதுப்பு நிலம் 'கட்டக்கடுவ'. கட்டினூடாகக் கசியும் நீரின் உவர் வயலை அடையுமுன் அங்குள்ள மரஞ்செடிகள் அதனைத் தடுத்துக்கொள்கின்றன. வன்னியிலும் பழங்குளங்களின் அலைகரையில் மருதமரங்கள் நிற்கக் காண்கிறோம். அவற்றைத் தறித்துவிட்டுப் 'பயனில்லாத பற்றையைத் துப்புரவாக்கினோம்' என்று மகிழ்வோரும் உளர். அவர்கள் அகற்றியது பற்றையை அன்று, குளத்தின் வடிகட்டியை.

இவ்வாய்வின் பயன் ஏட்டளவில் நிற்பதன்று. மேலேயுள்ள குளத்தின் கட்டை உயர்த்தினால், மழை குறைந்த ஆண்டில் அடுத்த ஊர்க் குளம் வெறுமையாய்க் கிடக்கும். மேற்குளம் கவனிப்பாரற்று உடைந்தால் கீழ்க்குளங்களும் ஒன்றன்பின் ஒன்றாய் உடையும். போரினால் ஊர்கள் இடம்பெயர்ந்த காலத்திற் பழுதுபார்க்கப்படாதிருந்த குளங்கள் பல 2009 ஆம் ஆண்டின் பின்னர்த் திருத்தப்பட்டன. திருத்துவோர் ஒரு குளத்தை மட்டும் நோக்காது தொடர் முழுவதையும் ஓர் அலகாகக் கொள்ளுதல் வேண்டும் என்பதே பேராசிரியரின் கொள்கையினின்றும் பெறப்படும் நடைமுறை விதி. ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் 2017 இல் இலங்கையின் குளத்தொடர் முறையை உலக வேளாண் மரபுரிமைகளுள் ஒன்றாக ஏற்றது. பெருமைதான், எனினும் கட்டை உயர்த்தும் ஒப்பந்தகாரர் பட்டயத்தைப் பார்த்துக் கட்டுவதில்லை.

இனிக் கனகராயன் ஆற்றை நோக்குவோம். வவுனியா மாவட்டத்தில் தோன்றி வடக்கு நோக்கிப் பாயும் இவ்வாறு இரணைமடுவில் தேங்கி, எஞ்சியது ஆனையிறவுக்குக் கிழக்கே சுண்டிக்குளக் கடல்நீரேரியைச் சேர்கின்றது. இரணைமடுவின் நீரேந்து பரப்பு ஏறக்குறைய 227 சதுரமைல். கட்டு அண்மையில் உயர்த்தப்படு முன்னர் அதன் கொள்ளளவு ஏறக்குறைய 106,500 ஏக்கர் அடி. மாணவர் எளிதிற் செய்யத்தக்க கணக்கொன்று இதில் உண்டு. 227 சதுரமைல் 145,280 ஏக்கராகும். அப்பரப்பில் ஓர் அங்குல நீர் வழிந்தோடினால் ஏறத்தாழ 12,100 ஏக்கர் அடி குளத்துக்கு வரும். ஆகவே ஒன்பது அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த நீரோட்டமே அக்குளத்தை நிரப்பப் போதும். இஃது ஆண்டு மழையில் ஆறிலொரு பங்களவு. இவ்விகிதம் சிறிது குறைந்தாற் குளம் நிரம்பாது. சிறிது கூடின் வான்பாயும். நல்ல ஆண்டுக்கும் பஞ்ச ஆண்டுக்கும் இடையேயுள்ள தொலைவு அத்துணைச் சிறிது.

அவ்வாறு வான்பாய்ந்து போகும் நீர்மேல் நெடுங்காலம் கண்வைத்தவர் நீர்ப்பாசனத் திணைக்களப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம். ஆறில்லாத யாழ்ப்பாணத்துக்கு ஆறொன்று ஆக்குவோம் என்று அவர் 1954 இல் ஒரு திட்டம் வகுத்தார். ஆனையிறவுக் கடல்நீரேரியின் இரு வாயிலையும் அடைத்துக் கனகராயன் ஆற்று நீரை அங்கே தேக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியே வடமராட்சிக் கடல்நீரேரிக்குக் கொண்டுசெல்வது அதன் கருத்து. வேலைகள் ஓரளவு நடைபெற்றன, திட்டம் முற்றுப்பெறவில்லை. 1969 இல் இலங்கையின் நீர்வளம் பற்றி அவர் எழுதிய நூல் இன்றும் பயன்படுவது.

கடலுக்குப் போகும் நீர் வீண் என்பது அத்தலைமுறைப் பொறியியலாளரின் பொதுக் கொள்கை. ஈரநில ஆய்வாளர் அதனை அப்படியே ஏற்பதில்லை. மாரியில் வரும் நன்னீரே கடல்நீரேரியின் உவரைத் தணிப்பது; இறால் குஞ்சும் மீன்குஞ்சும் வளர்வது அவ்வுவர்நீர்க் கலப்பில்; பூநாரைகள் வந்து மேய்வதும் அதனையொட்டிய சேற்றிலே. சுண்டிக்குளம் 1938 இல் பறவைச் சரணாலயமாகவும் 2015 இல் தேசிய பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. எனினும் யாழ்ப்பாணத்துக் கிணறுகள் உவராவதைக் கண்டும் ஆறுமுகத்தின் நோக்கத்தைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. வீண் என்ற சொல்லை மட்டும் மாற்றுதல் தகும். அந்நீருக்கு வேறொரு செலவாளி உளன் என்பதே நேரிய கணக்கு.

இரணைமடு நீரைக் குழாய்வழி யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுசெல்லும் திட்டம் 2010 ஆம் ஆண்டை அடுத்து எழுந்தபோது கிளிநொச்சி உழவர் எதிர்த்தனர். சிறுபோகத்தில் தம் வயல்களில் ஒரு பகுதிக்கே நீர் போதுகின்றது என்பது அவர்தம் வாதம். இருபுறமும் தமிழர், இருபுறமும் தாகம். பின்னர்க் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் வடமராட்சி கிழக்கில் தாளையடியில் அமைக்கப்பட்டு 2024 இல் திறக்கப்பட்டது. அவ்வழக்கில் 'மிகைநீர்' என்ற சொல் எல்லார் வாயிலும் வந்தது. எந்த ஆண்டின் மிகை, எந்த மாதத்தின் மிகை, கடல்நீரேரியின் பங்கு கழிந்த மிகையா என்று கேட்டோர் சிலரே. சராசரியில் மிகையுள்ள குளம் மூன்றாண்டுக்கு ஒருமுறை வற்றவும் கூடும்.

வெள்ளத்தின் கதை வேறு. 2018 மார்கழி மாதம் 21 ஆம் திகதி இரவு பெய்த பெருமழையிற் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பல்லாயிரவர் பாதிப்புற்றனர். இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. கதவைத் திறந்த நேரம் பற்றிப் பின்னர்ப் பெரும் வாதம் எழுந்தது. நீரியல் நோக்கில் வினா கதவினிடத்து மட்டும் தொடங்குவதன்று. நிறைந்து நிற்கும் குளத்துக்கு மேலேயுள்ள காட்டில் விழும் மழை, சிறுகுளங்கள் நல்ல நிலையில் இருந்தாற் சற்றுத் தங்கித் தயங்கி வரும். அவை தூர்ந்தும் உடைந்தும் கிடந்தால் ஒருமிக்க வரும். அவ்விடைவெளி சில மணி நேரமே. கனகராயன்குளத்திலும் புளியங்குளத்திலும் இரவு பெய்த மழையின் அளவு விடியுமுன் இரணைமடு வான்கதவடியில் நிற்பவர் கைக்கு எட்டுகின்றதா என்பதே, கீழே முரசுமோட்டையிலும் கண்டாவளையிலும் உறங்குவோர்க்கு முதலாவது வினா.