கணக்குப் புத்தகத்துக்கு ஓவிய அட்டை போட்ட ஊர்

இத்தாலிக்குச் சுற்றுலா போகும் நம்மவர்கள் ரோம், வெனிஸ், புளோரன்ஸ் என்று மூன்று ஊர்களோடு திரும்பிவிடுகிறார்கள். புளோரன்ஸிலிருந்து பேருந்தில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் போனால் சியேனா. மூன்று குன்றுகளின் மேல், மதிலுக்குள், செங்கல் நிறத்தில் நிற்கும் பழைய நகரம். ரயிலில் போனால் நிலையம் அடிவாரத்தில். மின்படிக்கட்டுகளில் மேலே ஏறலாம். காரில் போகிறவர்கள் மதிலுக்கு வெளியே நிறுத்திவிடுங்கள். அனுமதியின்றி நுழைந்தால் கேமரா படம்பிடிக்கும், அபராதம் பின்னால் வீடு தேடி வரும்.

எல்லோரும் காம்போ சதுக்கத்தையும், ஜூலை 2, ஆகஸ்ட் 16 ஆகிய நாட்களில் அங்கு நடக்கும் குதிரைப் பந்தயத்தையும்தான் சொல்வார்கள். கணக்காளனான என்னை இழுத்து நிறுத்தியது சதுக்கத்துக்கு அருகே பிக்கோலோமினி மாளிகையில் உள்ள அரசு ஆவணக் காப்பகம். சியேனா அன்று தனிக் குடியரசு. அதன் வரவு செலவைப் பார்த்த அலுவலகத்துக்கு பிக்கெர்னா என்று பெயர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்கை முடித்து, பொறுப்பாளர்களை மாற்றுவார்கள். முடித்த புத்தகத்துக்கு மரப்பலகை அட்டை; அதில் ஓவியம். இன்றுள்ளவற்றில் மிகப் பழையது 1258ஆம் ஆண்டினது. அதில் இருப்பவர் அரசரோ புனிதரோ அல்லர், கணக்கேட்டுடன் ஒரு துறவி! அவர்தான் பொருளாளர். குடும்பங்கள் கட்சி கட்டி மோதிக்கொண்ட ஊரில், மனைவி மக்கள் இல்லாத துறவியிடம் பெட்டியைக் கொடுத்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. அவரையும் தனியே விடவில்லை. மேற்பார்வைக்கு நால்வர் இருந்தார்கள். 1467ஆம் ஆண்டுப் பலகையில் நிலநடுக்கத்துக்கு அஞ்சி மதிலுக்கு வெளியே கூடாரமடித்த மக்களைக் காணலாம். காப்பகத்தின் பார்வை நேரம் குறைவு, முன்கூட்டியே விசாரித்துப் போங்கள்.

நகர மண்டபத்தில் அம்ப்ரோஜியோ லோரென்செத்தி 1338, 1339இல் தீட்டிய நல்லாட்சி, கொடுங்கோலாட்சிச் சுவரோவியங்கள் இருக்கின்றன. ஆட்சிக்குழு ஒன்பதுபேரும் கூடிய அறை அது. தலை நிமிர்ந்தால் கொடுங்கோலன் கொம்போடு பார்த்துக்கொண்டிருப்பான்.

அதே 1339இல் தேவாலயத்தைப் பெரிதாக்கத் தொடங்கினார்கள். இருந்த கோவிலே புதியதன் குறுக்குப் பகுதியாகிவிடும், அத்தனை பெரிய திட்டம். 1348இல் கொள்ளைநோய் வந்தது. ஊரில் பெரும்பகுதியினர் மாண்டார்கள். லோரென்செத்தியும் அதில்தான் இறந்தார் என்று கருதப்படுகிறது. வேலை நின்றது. கூரையில்லாத அந்தப் பெருஞ்சுவர் இன்றும் வானத்தைப் பார்த்தபடி நிற்கிறது. குறுகிய படிகளில் அதன் உச்சிக்கு ஏறலாம். முழங்கால் வலி உள்ளவர்கள் கீழே காப்பி குடித்தபடி காத்திருக்கலாம்; என் வீட்டுக்காரம்மா அப்படித்தான் செய்தார்.