உஷார்! பிள்ளை பார்க்க வருகிறவர்களின் பாராட்டை நம்பி இருந்துவிடாதீர்கள்

“நாலு மாதம்தான் ஆகுது, காலை விறைப்பா ஊண்டி நிக்கிறான் பாருங்கோ. நல்ல பெலசாலி!”

“இவளால ஒரு கரைச்சலும் இல்லை. கிடத்தினா கிடத்தின இடத்திலயே கிடப்பாள்.”

“இப்பவே எல்லாத்துக்கும் வலக்கைதான் நீளுது. இடக்கையைத் தூக்கிறதே இல்லை.”

பிள்ளை பார்க்க வருகிறவர்கள் மடியில் வாங்கிக் கொஞ்சிவிட்டுச் சொல்லிப் போகிற வார்த்தைகள் இவை. சொல்கிறவர்களிடம் வஞ்சகம் இல்லை. கேட்கிற தாய்க்கும் மனம் குளிர்ந்துவிடும். ஆனால் இந்த மூன்றில் எது குழந்தை வைத்தியர் ஒருவரின் காதில் விழுந்தாலும், அவர் கதையை நிறுத்திவிட்டுப் பிள்ளையின் உடுப்பைக் கழற்றிப் பார்க்கத் தொடங்குவார்.

முதலாவதை எடுப்போம். பிறந்த சிசுவை நிமிர்த்திப் பிடித்தால் பாதத்தை ஊன்றும். அடி எடுத்து வைப்பதுபோலக்கூடச் செய்யும். பிறவியோடு வரும் அந்த அனிச்சைச் செயல் இரண்டு மாதமளவில் மறைந்துவிடும். அதற்குப் பிறகும் தூக்கும்போதெல்லாம் கால்கள் விறைத்து, நுனிவிரலில் நின்று, ஒன்றன்மேல் ஒன்று குறுக்கிட்டால் அது பெலம் இல்லை. தசையைத் தளர்த்தச் சொல்லி மூளை அனுப்பும் கட்டளை சரியாகப் போய்ச் சேரவில்லை என்று பொருள்படலாம். பம்பர்ஸ் மாற்றும்போது தொடையை விரிக்கவே சிரமமாக இருக்கிறதா? மூன்று மாதம் தாண்டியும் கைகள் எப்போதும் பொத்தியபடியே, பெருவிரல் உள்ளே மடிந்தபடியே இருக்கின்றனவா? மூன்று மாதம் ஆகுமுன்னரே முதுகை வில்லாக வளைத்து ‘உடம்பு பிரட்டுகிறதா’? பிரட்டியதைக் கொண்டாடுவதற்கு முன், எப்படிப் பிரட்டியது என்று பாருங்கள். தலை, தோள், இடுப்பு என்று ஒவ்வொன்றாகத் திரும்பினால் நல்லது. மரக்கட்டை உருள்வதுபோல முழு உடம்பும் ஒரே வீச்சில் புரண்டால் கிளினிக்கில் சொல்லுங்கள். தொடை ஒரு பக்கம் மட்டும் விரியாவிட்டால் இடுப்பு மூட்டு விலகியிருக்கவும் கூடும். அதை முதல் மாதங்களில் கண்டுபிடித்தால் பட்டி கட்டியே சரிசெய்யலாம். நடக்கத் தொடங்கிய பிறகு கண்டுபிடித்தால் சத்திரசிகிச்சைவரை போகும்.

இரண்டாவது பாராட்டு இன்னும் பொல்லாதது. ‘கரைச்சல் இல்லாத பிள்ளை’ என்று சொல்லப்படும் எல்லாப் பிள்ளைகளும் சுகமான பிள்ளைகள் அல்ல. மல்லாக்கக் கிடத்தினால் தவளைபோல இரு காலும் அகன்று பாயோடு ஒட்டிக் கிடக்கிறது, அழுகை மெலிந்திருக்கிறது, பால் குடிக்கக் களைக்கிறது, மூச்சு விடும்போது நெஞ்சைவிட வயிறுதான் ஏறி இறங்குகிறது. ஆனால் கண் மட்டும் துருதுருவென்று ஆளைப் பார்க்கிறது. இது முள்ளந்தண்டுத் தசைநலிவு நோயாக இருக்கலாம். 2021இல் தமிழ்நாட்டில் ஒரு குழந்தைக்காக 16 கோடி இந்திய ரூபாய் ஊசி என்று நாடே பேசி, ஊர் உலகமெல்லாம் காசு சேர்த்தது நினைவிருக்கும். அதே நோய்தான். ஊசியின் விலையைப் பற்றித்தான் எல்லோரும் கதைத்தார்கள். 2019இல் அமெரிக்காவில் அந்த மருந்துக்கு அனுமதி கொடுத்தபோதே இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும் என்று எல்லை வைத்ததைப் பற்றி அதிகம் பேரும் கதைக்கவில்லை. இந்த நோயில் செத்துப்போகும் நரம்புக் கலங்கள் திரும்ப முளைப்பதில்லை. மருந்து, எஞ்சியிருப்பதைத்தான் காப்பாற்றும்.

பிள்ளை துவண்டு கிடப்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. தைரொயிட் சுரப்புக் குறைவு அதில் ஒன்று. மாத்திரையால் கட்டுப்படுத்தக்கூடியது, ஆனால் பிந்தினால் மூளை வளர்ச்சி தேங்கிவிடும். இன்னொன்று நாக்கில் தடவும் தேன். ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால், அதிலிருக்கும் கிருமிவித்துகள் சிசுவின் குடலில் முளைத்து நஞ்சைச் சுரந்து, முதலில் மலச்சிக்கலையும் பிறகு உடல் தளர்ச்சியையும் கொண்டுவரக்கூடும். அம்மம்மா ஆசையாய்த் தொட்டு வைத்தாலும் வேண்டாம் என்று சொல்லத்தான் வேண்டும்.

மூன்றாவது, வலக்கைக் கதை. ஒரு வயது ஆகுமுன் எந்தப் பிள்ளையும் வலக்கைக்காரர் இல்லை, இடக்கைக்காரரும் இல்லை. கிலுகிலுப்பையை நடுவில் பிடித்தால் இந்தக் கையும் நீள வேண்டும், அந்தக் கையும் நீள வேண்டும். ஒரு கை மட்டும் எப்போதும் ஒதுங்கியே இருந்தால், அந்தக் கையை இயக்கும் மூளைப் பகுதி கருவிலோ பிறக்கும்போதோ பழுதுபட்டிருக்கலாம். பிரசவம் கஷ்டப்பட்டு நடந்து, தோள் இறுகி வெளியே வந்த பிள்ளையில் கழுத்து நரம்பு இழுபட்டும் ஒரு கை சோர்ந்து தொங்கும். தலையை எப்போதும் ஒரு பக்கமே சரித்து வைத்திருக்கும் பிள்ளைக்குக் கழுத்துத் தசை ஒன்று குறுகியிருக்கக்கூடும். இதைத்தான் ‘சுளுக்கு’ என்று எண்ணெய் போட்டு இழுக்கிறார்கள். தமிழ்நாட்டில் ‘உரம் விழுந்தது’ என்று சேலையில் போட்டு உருட்டுகிறார்கள். இயன்மருத்துவர் கற்றுத் தரும் மெல்லிய பயிற்சியைச் சில மாதம் ஒழுங்காகச் செய்தால் பெரும்பாலும் சரிவரும். இழுத்தால், உருட்டினால், குலுக்கினால் மூளைக்குள் இரத்தம் கசியும் ஆபத்து இருக்கிறது.

இவை எல்லாவற்றிலும் அவசரமான ஒன்று இருக்கிறது. பாராட்டாகக்கூட அது யாருடைய வாயிலும் வருவதில்லை. பிள்ளை நித்திரையால் எழும்பியதும் சட்டென்று தலை முன்னுக்குக் குனிந்து, இரு கையும் விரிந்து, உடம்பு மடங்கி, ஒரு கணத்தில் விடுபடும். சில செக்கனில் மறுபடி. இப்படி வரிசையாக வந்து நிற்கும். வீட்டில் ‘வயித்துக்குத்து’ என்பார்கள், ‘பயந்து துடிக்குது’ என்பார்கள். பார்க்கக் கும்பிடுவதுபோல இருப்பதால் அந்தக் காலத்தில் இதற்கு ‘சலாம் வலிப்பு’ என்றே பெயர் வைத்தார்கள். 1841இல் இங்கிலாந்து வைத்தியர் வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட், ‘லான்செட்’ இதழுக்கு எழுதிய கடிதத்தில் இதை முதன்முதலாக விவரித்தார். விவரித்தது தன் சொந்த மகனை. நாலு மாதம்வரை நன்றாக வளர்ந்த பிள்ளை. தெரிந்த மருந்தெல்லாம் கொடுத்துப் பார்த்தும் பலனில்லாமல், தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள் என்று கெஞ்சிய கடிதம் அது. இன்று அந்த நோய் அவர் பெயரில்தான் இருக்கிறது.

வெஸ்டுக்கு இல்லாத மருந்து நமக்கு இருக்கிறது. கொழும்பு லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் பேராசிரியர் ஜிதங்கி வணிகசிங்க குழுவினர் 97 குழந்தைகளை வைத்து ஒப்பிட்டுப் பார்த்து 2015இல் வெளியிட்ட ஆய்வு, வாயால் கொடுக்கும் பிரெட்னிசொலோன் என்ற மலிவான மருந்து, ஊசியால் ஏற்றும் ஹோர்மோனைவிட நன்றாக இந்த வலிப்பைக் கட்டுப்படுத்தியது என்று காட்டியது. நம் நாட்டிலேயே நடந்த வேலை. ஆனால் மருந்து தொடங்குவது பிந்தப் பிந்த, பிள்ளையின் அறிவு வளர்ச்சி பாதிக்கப்படும். ஆறு மாதம் தாண்டியும் ‘திடுக்கிட்டுக் கையை விரிக்கிறது’ என்றால், அது சிசுக்களுக்கு இயல்பான திடுக்கிடல் என்று விட்டுவிடாதீர்கள். அந்த அனிச்சை நாலு முதல் ஆறு மாதத்துக்குள் போயிருக்க வேண்டும். நேற்றுவரை முகம் பார்த்துச் சிரித்த பிள்ளை இன்று சிரிக்கவில்லை, நின்ற கழுத்து மறுபடி தளர்கிறது என்றால் கிளினிக் நாள் வரட்டும் என்றுகூட இருக்க வேண்டாம். அன்றைக்கே வைத்தியசாலை.

இவ்வளவும் வாசித்துவிட்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளை தவழ்கிறது, எங்கட பிள்ளை இன்னும் தவழவில்லை என்று நித்திரை முழிக்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாட்டுச் சுகதேகிக் குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2006இல் வெளியிட்ட கணக்குப்படி, பிடிமானம் இல்லாமல் இருக்கப் பழகுவது 3.8 மாதத்திலும் நடக்கலாம், 9.2 மாதத்திலும் நடக்கலாம். தனியே நடப்பது 8.2 முதல் 17.6 மாதம்வரை. நூற்றுக்கு நாலு பிள்ளைகள் கையும் முழங்காலும் ஊன்றித் தவழாமலே எழும்பி நடந்திருக்கிறார்கள். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்களுக்கும் இந்த ஒழுங்கு தெரிந்துதான் இருந்தது. ஐந்தாம் மாதத்துச் செங்கீரையில் ஒரு கால் மடக்கி, கை ஊன்றி, தலை நிமிர்த்தி ஆட வைத்தார்கள். ஒன்பதாம் மாதத்துச் சப்பாணியில் இருந்து கைகொட்ட வைத்தார்கள். 9.2 மாதம் என்ற எல்லையோடு இது எவ்வளவு கிட்ட நிற்கிறது! நம் பல்லுக்கொழுக்கட்டைச் சடங்கிலும் பிள்ளையை இருத்தித்தானே தலையில் கொட்டுகிறோம். பல் முளைத்தும், ஒன்பது மாதம் தாண்டியும், இருத்தினால் சரிந்து விழுகிறது என்றால் கொழுக்கட்டை அவித்த கையோடு கிளினிக்குக்கும் போங்கள். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு மாதக் கணக்கைப் பிறந்த நாளிலிருந்து எண்ணாமல், பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ண வேண்டும்.

இனி நாமாகச் செய்யும் கெடுதல்கள். ஏணையை நான் குறை சொல்ல மாட்டேன். அதில் ஆடாமல் யாழ்ப்பாணத்தில் யார் வளர்ந்தோம்? ஆனால் முழித்திருக்கும் நேரமும் ஏணைக்குள்ளேயே சுருண்டு கிடக்கிற பிள்ளை, கழுத்தையும் தோளையும் எங்கே வைத்துப் பழகும்? 2019இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது, தவழாத சிசு முழித்திருக்கும்போது நாளொன்றுக்கு மொத்தம் 30 நிமிடமாவது குப்புறக் கிடக்க வேண்டும், ஒரே இடத்தில் கட்டுண்டு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. இரண்டிரண்டு நிமிடமாகத் தொடங்கலாம். பாயை நிலத்தில் விரித்துப் போட்டால் போதும். மெத்தை புதையும், கட்டில் விழுத்தும். நித்திரைக்கு மட்டும் மல்லாக்கத்தான், தலையணை இல்லாமல். குப்புற நித்திரை கொள்ள விட்டால் சிசு திடீர் மரணத்தின் ஆபத்து கூடுகிறது. முழித்திருந்தால் குப்புற, நித்திரையானால் மல்லாக்க. இதை மாற்றிச் செய்கிற வீடுகள் ஏராளம்.

வோக்கர் விஷயத்தில் எனக்குப் பொறுமையே இல்லை. நம் சொந்தக்காரர் பாதிப்பேர் வாழும் கனடாவில் 2004 ஏப்ரலிலிருந்து அதை விற்பதும் இறக்குமதி செய்வதும் விளம்பரம் போடுவதும் தடை. பாவித்ததைக் கைமாற்றி விற்பதும் குற்றம். அங்கே குப்பைக்குப் போன சாமானை இங்கே பேரப்பிள்ளைக்கு ஆசையாய் வாங்கி வைக்கிறோம். அதில் உருளும் பிள்ளை நடக்கப் பழகுவதில்லை. நுனிவிரலால் உந்தப் பழகுகிறது, நடை பிந்தவும் செய்கிறது. கண்மூடித் திறப்பதற்குள் விறாந்தைப் படி, அடுப்படிச் சுடுதண்ணி, வளவுக் கிணற்றடி. பார்த்துக்கொண்டே இருந்தாலும் பிடிக்க முடியாது, அவ்வளவு வேகம்.

இனி, எங்கே காட்டுவது. 2, 4, 6ஆம் மாதத் தடுப்பூசிக்கு எப்படியும் பிள்ளையைக் கொண்டுபோகிறீர்கள். ஊசி போட்டு, நிறை பார்த்து, கொப்பியை வாங்கிக்கொண்டு ஓடிவராமல், அந்தக் கொப்பியில் வளர்ச்சி பற்றிய பக்கத்தை விரித்து, ஒவ்வொன்றாய்க் கேட்டு நிரப்பச் செய்யுங்கள். சந்தேகம் வந்தால் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். வீடு தேடி வருகிற ஆள் அவர். அவர் சொல்லி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை, அங்கிருந்து தெல்லிப்பழை, பருத்தித்துறை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைகள் அல்லது யாழ். போதனா வைத்தியசாலை. எங்கேயும் காசு கட்டத் தேவையில்லை. ‘வெளியில தெரிஞ்சா நாளைக்கு அக்காவின்ர கலியாணம் குழம்பும்’ என்றும், ‘சனி மாறச் சரிவரும்’ என்றும் காத்திருந்த மாதங்களுக்குத்தான் விலை அதிகம். மூளைவாதத்தை 12 முதல் 24 மாதத்தில் கண்டுபிடிப்பதே வழக்கமாக இருந்தது. 6 மாதத்துக்கு முன்னரே கண்டுபிடிக்கலாம் என்று 2017இல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து அறிவித்துவிட்டார்கள். மூளை வேகமாக வளைந்து கொடுத்துப் பழகும் காலமும் அதுதான்.

போகும்போது போனில் இரண்டு வீடியோ கொண்டுபோங்கள். ஒன்று, வீட்டில் திடீரென்று வரும் அந்தத் துடிப்போ விறைப்போ; வைத்தியரின் முன்னால் அது ஒருநாளும் வராது. மற்றது, மூன்று முதல் ஐந்து மாதப் பிள்ளை முழித்து, அழாமல், பசிக்காமல் மல்லாக்கக் கிடக்கும்போது எடுத்த சில நிமிடங்கள். கை கால் மூடாத உடுப்பு, வாயில் சூப்பி இல்லை, கையில் விளையாட்டுச் சாமான் இல்லை, யாரும் கூப்பிடவும் கூடாது. அந்த வயதில் கழுத்து, மணிக்கட்டு, கணுக்கால் எல்லாம் ஓயாமல் எல்லாத் திசைக்கும் சின்னச் சின்னதாய் நெளிந்துகொண்டே இருக்க வேண்டும். ஹைன்ஸ் பிரெக்டல் என்ற வைத்தியர் ஆயுள் முழுக்கக் குழந்தைகளின் அசைவைப் பார்த்து வகுத்த முறை இது. அந்த நெளிவு இல்லாவிட்டால் பயிற்சி பெற்ற கண்ணுக்கு உடனே தெரியும். வீடியோவை முகநூலில் போட்டு ஆயிரம் பேரிடம் கருத்துக் கேட்க வேண்டாம். வலிப்பு நிற்காமல் தொடர்ந்தாலோ, மூச்சு முட்டினாலோ வீடியோவும் வேண்டாம். 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம். நெடுந்தீவில் இருப்பவர்கள் அங்குள்ள வைத்தியசாலைக்கு உடனே கொண்டுபோங்கள். அவர்கள் அக்கரைக்கு அனுப்பச் சொன்னால், ஒரு நாள் பொறுத்துப் பார்ப்போம் என்று குறிகாட்டுவான் படகை விட்டுவிடாதீர்கள்.