வத்தல்மலை இருக்க வாணம் எதுக்கு?

ராத்திரியில தூரத்துப் படைக்குச் சேதி சொல்லணும்னா மலை மேல தீ மூட்டினா போதாதா? சைகை ராக்கெட் எதுக்கு?

கணக்குப் போட்டுப் பாக்கலாம். உயரத்தை மீட்டர்ல எடுத்து, அதோட வர்க்கமூலத்தை 3.57ஆல பெருக்கினா, வெளிச்சம் எத்தனை கிலோமீட்டர் வரை பூமியோட வளைவுல மறையாம தெரியும்னு கிடைக்கும். தர்மபுரி சமவெளியிலிருந்து வத்தல்மலை சுமார் 500 மீட்டர் எழும்பி நிக்குது. அப்படின்னா 80 கிலோமீட்டர், நடுவுல வேற மலை மறைக்காத வரைக்கும். 300 மீட்டர் ஏறுற ராக்கெட்டுக்கு 62. மலைதான் ஜெயிக்குது. ஆனா மலை படையோட கூட வராது. சைகை ராக்கெட்ங்கிறது கையில தூக்கிட்டுப் போற மலை.

அதோட அமைப்பு நம்ம தீபாவளி ராக்கெட் மாதிரிதான். காகிதக் குழாய்க்குள்ள வெடியுப்பு, கந்தகம், கரி கலந்த மருந்தை இறுக்கி இடிப்பாங்க. அடியிலிருந்து கூம்பு மாதிரி ஒரு துளை விடுவாங்க. பத்த வெச்சதும் அந்தத் துளையோட சுவர் முழுக்க ஒரே நேரத்துல எரியும், அதுதான் மேல தூக்குற வேகம். துளைக்கு மேல ஒரு கட்டி மருந்து. அது மெதுவா எரிஞ்சு முடியறதுக்குள்ள ராக்கெட் உச்சிக்குப் போயிடும். அப்புறம்தான் தலையில இருக்கிற நிற உருண்டைகள் பத்திக்கிட்டுச் சிதறும். நீளக் குச்சி, திசை மாறாம இருக்க.

1792 வரை இந்தப் பாராமகால் சீமை மைசூரோடது. ஹைதர், திப்பு படைகள் இதே தத்துவத்தை ஆயுதமாக்கினாங்க. காகிதத்துக்குப் பதில் இரும்புக் குழாய். அது கூடுதல் அழுத்தம் தாங்கும், அதனால வேகமும் தூரமும் கூடும். இங்கிலாந்துல வூலிச் அருங்காட்சியகத்துல இருந்த ஒண்ணு 58 மில்லிமீட்டர் விட்டம், 254 மில்லிமீட்டர் நீளம். அதுல குச்சிக்குப் பதிலா ஒரு வாளைத் தோல் வாரால கட்டியிருக்காங்க.

1799 ஏப்ரல்ல ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வெளியே நடந்த ராத்திரிச் சண்டையில, நீல வெளிச்சம் எரியறப்பெல்லாம் ராக்கெட் மழை வந்துச்சுன்னு ஆங்கிலேய அதிகாரி ஒருத்தர் எழுதி வெச்சிருக்கார். வெளிச்சம் ஒரு வேலை, ராக்கெட் இன்னொரு வேலை. சைகை ராக்கெட்ல ரெண்டும் ஒண்ணு.

ஆனா வெளிச்சம் எவ்வளவு தூரம் தெரிஞ்சாலும், அதுல வார்த்தை கிடையாது. எந்த நிறத்துக்கு என்ன அர்த்தம்னு முன்னாடியே பேசி வெச்சிருக்கணும். இல்லேன்னா அது வெறும் வாணவேடிக்கை. இன்னைக்கும் கப்பல்கள்ல ஆபத்துக்கு விடுற பாராசூட் ராக்கெட் குறைஞ்சது 300 மீட்டர் ஏறணும், 40 விநாடி எரியணும், நிறம் சிவப்பா இருக்கணும்னு சர்வதேச விதி இருக்கு. எந்த நாட்டு மாலுமி பாத்தாலும் ஒரே அர்த்தம்: காப்பாத்துங்க.