கடிதம் சுமந்த கப்பல்

நார்வேயின் மேற்குக் கரையில், பண்டைப் பனியாறுகள் குடைந்த பள்ளத்தாக்குகளில் கடல் புகுந்து நிற்கிறது. அவற்றை ஃபியோர்டு என்பர். 867 மீட்டர் உயரத்திலுள்ள மீர்தாலினின்று புறப்படும் ரயில், ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் ஃப்ளோம் துறையில் கடலோரம் இறங்கிவிடுகிறது.

பெர்கன் நகரிலிருந்து வடகோடிக் கிர்க்கெனெஸ் வரை கரையோரக் கப்பல் செல்கிறது. வெப்ப நீரோட்டத்தால் அக்கடல் உறைவதில்லை. ஆயினும் நீண்ட குளிர்கால இருளும் பாறைகளும் கலங்களைத் தடுத்தன; வடக்கே கடிதம் சேர மாதங்கள் ஆயின. 1893-இல் ரிச்சர்டு வித் என்னும் கப்பல் தலைவர், திசைகாட்டியும் கடிகாரமும் கொண்டு வழியைக் குறித்துவைத்து, இரவிலும் கலம் செலுத்தினார். கடிதங்கள் சில நாட்களில் சேரலாயின.

இன்றும் அவ்வழிக் கப்பல்கள் 34 துறைகளில் நின்று, உல்லாசப் பயணிகளோடு உள்ளூராரையும் சரக்கையும் ஏற்றிச் செல்கின்றன. காண்போர்க்குக் காட்சி, கரைவாழ்வோர்க்கு உறவின் இழை. ஊர் நீங்கி வாழும் நமக்கு அதன் அருமை சொல்லாமலே விளங்கும்.