கடையை மூடாமல் சர்வரை மாற்றுவது எப்படி?

மொத்த வியாபாரம் செய்யும் நம் உறுப்பினர்கள் பலரது நிறுவனங்களில் பில் போடும் கம்ப்யூட்டர்கள் நான்கைந்து, குடோனில் ஒன்றிரண்டு, கணக்குப் பிரிவில் இரண்டு என்று ஓடிக்கொண்டிருக்கின்றன. இவை அத்தனைக்கும் பொதுவாக உள்ளறையில் ஒரு சர்வர் இருக்கும். பத்தாண்டுகளுக்கு முன் வாங்கிய சர்வர் என்றால் அதில் விண்டோஸ் சர்வர் 2012 அல்லது 2012 ஆர்2 இருக்கவே வாய்ப்பு அதிகம். இவ்விரண்டுக்கும் வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் வழங்குவதை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2023 அக்டோபர் 10-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. சர்வர் 2016-க்கு 2027 ஜனவரி 12 கடைசி நாள்.

நன்றாக ஓடுகிற சர்வரை எதற்காக மாற்ற வேண்டும் என்று உறுப்பினர்கள் கேட்பது நியாயமே. 2020-ஆம் ஆண்டில் ‘ஸீரோலோகன்’ என்னும் ஓட்டை வெளிப்பட்டது. கடைக்குள் இருக்கும் ஏதாவது ஒரு கம்ப்யூட்டரில் நுழைந்துவிட்ட திருடன், பாஸ்வேர்டு எதுவும் தெரியாமலே சர்வர் முழுவதையும் கைப்பற்றிவிடலாம் என்ற நிலை. அப்போது திருத்தம் வந்தது. இனி அப்படி ஒன்று வந்தால், காலாவதியான சர்வருக்கும் திருத்தம் கிடைக்கும் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

இந்தச் சர்வர் செய்யும் வேலைகளில் முக்கியமானது ‘டொமைன் கண்ட்ரோலர்’ வேலை. இதைச் சாவிக்கொத்து வைத்திருக்கும் பழைய கணக்குப்பிள்ளை என்று சொல்லலாம். காலையில் யார் வந்து கம்ப்யூட்டரைத் திறந்தாலும் பெயரும் பாஸ்வேர்டும் சரிதானா என்று பார்ப்பது அதுதான். விலைப்பட்டியலை யார் திருத்தலாம், யார் பார்க்க மட்டும் செய்யலாம் என்பதும் அதன் கையில். எந்த இயந்திரம் எங்கே இருக்கிறது என்ற முகவரி ஏட்டையும், அதாவது டி.என்.எஸ்.ஸையும், பெரும்பாலும் அதுவே வைத்திருக்கும்.

சர்வர் நின்றுவிட்டால், முன்பு நுழைந்து பழகிய ஊழியருக்கு அவருடைய கம்ப்யூட்டர் திறக்கும். நினைவில் உள்ள பழைய அனுமதியைக் கொண்டு அது திறந்துவிடும். ஆனால் பொதுவில் உள்ள கணக்கு திறக்காது. முகவரி ஏடு இல்லாததால் இன்டர்நெட்டும் எடுக்காது. இ-வே பில் எடுக்க முடியாமல் சரக்கு ஏற்றிய லாரி வாசலில் நிற்கும். சர்வர் மாற்றுவதில் நமக்குள்ள பயம் இந்த லாரியைப் பற்றியதுதான்.

(மூன்று நான்கு கம்ப்யூட்டர்கள் மட்டும் உள்ள சில்லறைக் கடைகளுக்கு டொமைன் ஏற்பாடே தேவையில்லை என்பது எமது கருத்து. ஒருவர் விற்க வந்தார் என்பதற்காக வாங்க வேண்டாம்.)

சர்வீஸ்காரர்களில் சிலர், இருக்கிற சர்வரின் மேலேயே புதிய விண்டோஸை ஏற்றித் தருகிறோம் என்பார்கள். செலவு குறைவுதான். ஆனால் ஏற்றி முடிக்கும் வரை கடையில் வேலை நடக்காது. பாதியில் கெட்டுப்போனால் திரும்பப் பழைய நிலைக்கு வருவதும் எளிதன்று. ஒரே ஒரு சர்வரை வைத்திருப்பவர் இதற்கு ஒப்புக்கொள்ளவே கூடாது.

பழைய கணக்குப்பிள்ளையை அனுப்பும் முன் புதியவரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பழக்குவது நம் வழக்கம். இங்கும் அதுவே முறை. புதிய இயந்திரத்தைப் பழையதன் பக்கத்தில் வைத்து, அதையும் டொமைன் கண்ட்ரோலராகச் சேர்க்க வேண்டும். 2000-ஆம் ஆண்டில் வந்த ஆக்டிவ் டைரக்டரியிலிருந்து இந்த வசதி நன்றாகவே அமைந்திருக்கிறது. அதற்கு முந்தைய என்.டி. காலத்தில் ஒன்று மட்டுமே முதன்மை, மற்றவை அதன் நகல். இப்போதோ இரண்டும் சமம். ஒன்றில் பதிந்த பெயரும் பாஸ்வேர்டும் மற்றதற்குத் தானே போய்ச் சேரும். ஒரே கட்டடத்துக்குள் என்றால் சில நொடிகளே போதும். இந்த வேலை முழுவதையும் வியாபாரம் நடக்கும்போதே செய்யலாம். கல்லாவில் இருப்பவருக்குத் தெரியாது.

ஐந்து பொறுப்புகள் மட்டும் ஒரு நேரத்தில் ஒரு இயந்திரத்திடமே இருக்கும். இரண்டு சர்வர்களும் பிழையின்றிப் பேசிக்கொள்கின்றனவா என்று ‘ரெப்அட்மின்’, ‘டிசிடயாக்’ என்ற இரண்டு சோதனைகளால் பார்த்த பிறகு, அந்த ஐந்தையும் புதியதற்கு மாற்றுவார்கள். சில நிமிட வேலை. பிறகு புதிய சர்வரின் கடிகாரத்தை வெளியிலுள்ள சரியான நேரத்தோடு இணைக்கச் சொல்லுங்கள். சர்வருக்கும் கம்ப்யூட்டருக்கும் ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால், சரியான பாஸ்வேர்டைக் கொடுத்தாலும் உள்ளே விடாது. பாஸ்வேர்டு தவறு என்று எண்ணி ஊழியரைத் திட்டிக்கொண்டிருப்போம்.

கடை நிற்பது பெரும்பாலும் முகவரியில்தான். ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும், பில் பிரிண்டரிலும், குடோன் ஸ்கேனரிலும் பழைய சர்வரின் எண் முகவரியை யாரோ என்றோ கையால் எழுதி வைத்திருப்பார்கள். ஆகவே ஒரு வாரம் முன்னதாகவே ஒரு நோட்டு போட்டு, எந்தெந்த இயந்திரத்தில் என்ன முகவரி உள்ளது, பழைய சர்வரில் வேறு என்னென்ன ஓடுகிறது என்று எழுதிவிட வேண்டும். கணக்கு மென்பொருள் அதே சர்வரில் இருந்தால் அதன் லைசென்ஸை முறையாக விடுவித்துப் புதியதில் பதிய வேண்டியிருக்கும். இதை மறந்துவிட்டால் திங்கட்கிழமை காலை பில் போட முடியாது. பழையது விடைபெற்ற பின் அதன் முகவரியையே புதியதற்குக் கொடுத்துவிடுவதும் ஒரு வழி. ஒவ்வொரு இயந்திரமாகத் தேடிப் போகும் வேலை மிச்சம்.

விலைப்புள்ளி வாங்கும்போது கவனிக்க வேண்டியவை உண்டு. இருப்பதிலேயே புதியதான சர்வர் 2025 வேண்டும் என்று கேட்போம். ஆனால் 2012 ஆர்2 டொமைன் கண்ட்ரோலராக இருக்கும் இடத்தில் 2025-ஐ நேரடியாகச் சேர்க்க முடியாது. டொமைனின் தரம் 2016 அளவுக்கு உயர்ந்திருக்க வேண்டும். பழையது இருக்கும் வரை அது உயராது. நடுவில் 2019 அல்லது 2022 ஒன்றை வைத்துத்தான் போக வேண்டும். அல்லது 2022-லேயே நிறுத்திக்கொள்ளலாம். எமக்கு அதில் குறையொன்றும் தெரியவில்லை. இந்த விவரம் சொல்லாமல் ஒரே நாளில் முடித்துத் தருகிறேன் என்பவரிடம் இன்னொரு முறை கேளுங்கள். ‘கால்’ எனப்படும் பயனாளர் லைசென்ஸும் புதிய பதிப்புக்குத் தனியே வாங்க வேண்டும். தலைக்கு இவ்வளவு என்று வரும் இந்தத் தொகையைப் பலர் முதல் விலைப்புள்ளியில் காட்டுவதில்லை.

நாள் குறிப்பதை சர்வீஸ்காரரிடம் விடக்கூடாது. தீபாவளி, பொங்கல் சீசனும் மார்ச் கடைசியும் ஆகாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்யும் 11-ஆம் தேதி, 20-ஆம் தேதிகளை ஒட்டியும் வேண்டாம். மாதச் சாமான் வாங்கும் முதல் வாரமும், அதற்காகச் சில்லறைக் கடைக்காரர்கள் சரக்கெடுக்கும் மாதக் கடைசியும் கழிந்தால், 21-க்கும் 25-க்கும் இடையில் வரும் ஞாயிறு நல்லது. அதுவும் மதியத்துக்கு மேல்.

வேலை தொடங்கும் முன் முழு பேக்கப் எடுத்து, அது திறக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். வழக்கமான அமைப்பில் 180 நாளுக்கு மேற்பட்ட டொமைன் பேக்கப் பயன்படாது. மீட்புக்கான தனி பாஸ்வேர்டு ஒன்று உண்டு. அதைத் தாளில் எழுதி உறையிலிட்டு இரும்புப் பெட்டியில் வையுங்கள்.

எல்லாம் மாறிய பின் பழையதை உடனே கழற்ற வேண்டாம். இரண்டு மூன்று நாள் வெறுமனே அணைத்து வையுங்கள். எதை மறந்தோம் என்பது அப்போது தெரியும்: ஏதோ ஒரு பிரிண்டர் நிற்கும், ஏதோ ஒரு கம்ப்யூட்டர் திறக்காது. உடனே பழையதை ஆன் செய்து, வியாபாரம் நடக்க விட்டு, அதைச் சரி செய்யலாம். ஒன்றும் நிற்கவில்லை என்று உறுதியான பிறகு, மறுபடி ஆன் செய்து முறைப்படி டொமைன் கண்ட்ரோலர் பொறுப்பிலிருந்து விடுவிக்கச் சொல்ல வேண்டும். அணைத்தபடியே தூக்கிப் போட்டால் அதன் பெயர் ஏட்டில் நின்றுகொண்டு பின்னால் தொல்லை தரும்.

கையில் பணம் இருந்தால் இரண்டாவதாக ஒரு சிறிய இயந்திரத்தையும் டொமைன் கண்ட்ரோலராக நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள். இந்த வேலைக்கு மட்டும் என்றால் பெரிய இயந்திரம் தேவையில்லை. முடிந்தால் வேறு அறையில், வேறு யு.பி.எஸ்.ஸில்.

பழைய சர்வரைப் பழைய இரும்புக் கடைக்குப் போடும் முன் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி உங்களிடம் வைத்துக்கொள்ளவும் அல்லது முன்னால் நின்று உடைக்கச் சொல்லவும். ஊழியர் அனைவரின் பாஸ்வேர்டும், பல ஆண்டுக் கணக்கும் அதில்தான் இருக்கின்றன.